புல்லைக் கேட்டு மாடு வைத்தவள்

தம்பி தன் பால் டேங்கரை வாசலில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு பெண்ணைக் கைபிடித்து இறக்கியபோது அக்காக்காரிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நிற்கிறான். அதுகூடப் பரவாயில்லை. தார் இளகுகிற வெயிலில் அந்தப் பெண் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிச் சட்டையோடு நிற்கிறாள். முகம் தக்காளியாகச் சிவந்திருக்கிறது.

"முதல்ல அதக் கழட்டும்மா. மயங்கி விழுந்தா, வந்தன்னைக்கே நான் என்னமோ பண்ணிட்டேன்னு சொல்வாங்க."

"காலையில கெளம்பும்போது அங்க செம குளிர் அண்ணி. எங்க ஊர்ல…"

"இது உங்க ஊரு இல்ல."

அன்றுவரை அவர் யாருக்கும் நாத்தனார் இல்லை. அந்தப் பதவி கிடைத்த முதல் நிமிடத்திலேயே அதற்குரிய குரலும் தானாக வந்துவிட்டதை நினைத்து, பிற்பாடு அவரே பலமுறை சிரித்திருக்கிறார். புகுந்த வீடு ஒத்துவராமல் சீக்கிரமே திரும்பி வந்தவர் அவர். அப்பாவின் மாட்டுப் பண்ணையே கதி என்று இருந்துவிட்டார். அப்பா போனார். தம்பி டேங்கர் ஓட்டக் கிளம்பினான். பண்ணைக்கு எஜமானி, ஆள், காவல் எல்லாம் நாத்தனார்தான்.

பண்ணை என்றால் சாதாரணப் பண்ணை இல்லை. கருப்பும் வெள்ளையுமாக, முதுகு ஆளின் தோள் உயரத்துக்கு வருகிற சீமைப் பசுக்கள். குளிர்நாட்டு இனம். அப்பா ஆசை ஆசையாய் வரவழைத்தது. நாத்தனார் படுக்கும் அறையில் ஒரு பழைய விசிறி கரகரவென்று ஒப்புக்குச் சுற்றும். கொட்டகையிலோ வரிசையாகப் பெரிய பெரிய விசிறிகள். கூரையோரம் குழாய் ஓடி, சாரல் போலத் தண்ணீர் தெளிக்கும். அந்தப் பசுக்களுக்கு வேண்டியதைச் செய்வதற்கு முன் அவர் தனக்கென்று ஒரு சேலைகூட வாங்கியதில்லை.

வந்தவள் தையல்காரி. மலையூரில் சின்னதாகக் கடை வைத்திருந்தவள். பால் ஏற்றப் போன தம்பி கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுத்தானாம். அதற்கப்புறம் வாரா வாரம் அவன் சட்டை கிழிந்துகொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: "அண்ணி, ஏன் இதுங்க எல்லாம் ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குது?"

"வெயில் காலம். அப்படித்தான் இருக்கும்."

"எங்க அண்ணன்கிட்டயும் இதே சாதி மாடுதான். வாயத் தொறந்து நாக்கத் தொங்கப்போட்டு நான் பாத்ததே இல்ல."

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. ஊசி நூல் பிடித்தவள் என் மாட்டைக் குறை சொல்கிறாளா? "அப்ப உங்க அண்ணனையே வந்து கறக்கச் சொல்லு" என்று பதில் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை என்று அவருக்கே தெரியும். கோடையில் பாதிப் பால் வற்றிப்போகும். தீவனம் வைத்தால் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எத்தனை முறை ஊசி போட்டாலும் சினை நிற்காது. ஒவ்வொரு வருடமும் மழை வரட்டும், சரியாகிவிடும் என்று காத்திருந்து காத்திருந்து, அந்தக் காத்திருப்பே ஒரு தொழிலாகிப் போயிருந்தது.

அடுத்த கோடையில் அனல்காற்று அடித்தபோது ஊருக்கே மின்சாரம் போனது. கம்பங்கள் சரிந்திருந்தன, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் இருமியது, புகைவிட்டது, நின்றே போனது. விசிறிகள் ஓய்ந்த கொட்டகை, மூடி போட்ட பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பெண்களும் கிணற்றுக்கும் கொட்டகைக்குமாக வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பசுக்களின் மேல் ஊற்றினார்கள். கையில் தோல் உரிந்தது. ஊற்றிய தண்ணீர் முதுகிலிருந்து ஆவியாகப் போனது. பண்ணைக்கே பெரியவளான, எல்லாரும் 'சீமாட்டி' என்று கூப்பிடும் பசு முன்கால் மடங்கிச் சரிந்தது. நாத்தனார் அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, "எழுந்திரும்மா, என் கண்ணுல்ல, எழுந்திரு" என்று கெஞ்சினார். பொழுது சாய்வதற்குள் அது போய்விட்டது. அதோடு இன்னும் சில.

அழுது முடித்து நாத்தனார் வெளியே வந்தபோதுதான் அதைப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே, அரைகுறை நிழலில், ஒரு குட்டைச் செவலை மாடு நின்றுகொண்டிருந்தது. எப்போதோ வழிதவறி வந்து, தேடி யாரும் வராததால் தங்கிவிட்ட மாடு. அதன் உருவத்தைப் பார்த்துச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு விசிறியும் இல்லை, சாரலும் இல்லை. இடுப்பில் கை வைத்து ஊர்வம்பு பேசுகிறவள் மாதிரி நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தம்பி பெண்டாட்டியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நாத்தனார் அவளை அப்போதே டேங்கரில் ஏற்றி மலைக்கு அனுப்பியிருப்பார். அந்த வாய்மூடல்தான் அவளைப் பற்றி நாத்தனார் மனதில் விழுந்த முதல் நல்ல எண்ணம். துக்கத்தில் இருக்கிறவரிடம் நியாயம் பேசக்கூடாது என்று தெரிந்த பெண்.

சில வாரம் கழித்து மாட்டு டாக்டர் வந்தார். ஒல்லியான, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவர் மற்ற பசுக்களைப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, அவள் சுண்டெலியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இதுக்கு என்ன உடம்பு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல சார். ஏன் ஒண்ணுமில்லன்னுதான் தெரியணும்."

டாக்டர் சிரித்தார். பிறகு மாட்டின் கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியைக் கையில் அள்ளிக் காட்டினார். "துணி தாராளமா விட்டிருக்கு பாருங்க. தோல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சூடு வெளிய போகும். முடி குட்டை, பளபளப்பு. வேர்வையும் நல்லா வரும். உண்ணி கடிச்சாலும் சீக்கிரம் சாயாது. வெயில்லயே தலைமுறை தலைமுறையா வளந்த இனம். அந்தப் பெரிய மாட்டுக்கு அடர்த்தியா முடி, உடம்புக்குள்ள பால் சுரக்கிற சூடு வேற. குளிருக்கு அது ராஜா. இங்க பாவம்." நாத்தனார் பக்கம் திரும்பி, "உங்க அப்பாகிட்ட அப்பவே சொன்னேன். குச்சியத் தூக்கிட்டு வந்தாரு" என்றார்.

"அப்ப நாம சட்டையத் தைச்சு வெச்சிட்டு, அதுக்குத் தக்கபடி ஆள வெட்டிக்கிட்டிருக்கோம்" என்றாள் தையல்காரி.

டாக்டருக்குக் குடித்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. நாத்தனார் சிரிக்கவில்லை. "அது கறக்கிற பால் ஒரு பூனைக்குப் பத்தாது" என்றார்.

"அதுக்கு நடுவழி இருக்கு" என்றார் டாக்டர். செவலை இனத்துக் காளையின் சினை ஊசியைப் பெரிய பசுக்களுக்குப் போடலாம். பிறக்கிற கலப்புக் கன்றுகள் தாயின் மடியிலும் தகப்பனின் தோலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சுண்டெலி மாதிரி செவலை மாடுகளையும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். பால் குறையும். மாடு சாகாது. நாத்தனார் பிடிகொடுக்காமல் பேசினார். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த முறை டாக்டர் செவலை ஊசியோடு வந்தபோது தடுக்கவும் இல்லை.

அவளுக்கு அத்தோடு விடத் தெரியவில்லை. மாட்டைப் பார்த்தவள் அடுத்து மண்ணைப் பார்த்தாள். பண்ணைக்கு மேய்ச்சல் நிலம் நிறைய இருந்தும், அது ஒரே திறந்த வெளி. மாடுகள் வாசலருகே இளம்புல் துளிர்க்கத் துளிர்க்கக் கடித்து மொட்டையடித்துவிடும். தூரத்தில் புல் முற்றி விறகாகி நிற்கும். அவள் மின்வேலிக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்து நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். இன்றைக்கு இந்தத் துண்டு, நாளைக்கு அடுத்தது. மேய்ந்த இடம் ஓய்வெடுக்கட்டும் என்பது கணக்கு. வெயில் ஏறுவதற்குள் ஒரு மேய்ச்சல், இறங்கிய பிறகு ஒரு மேய்ச்சல், நடுப்பகலில் மரத்தடியும் தண்ணீர்த் தொட்டியும். தோளில் கம்பிச் சுருளோடு விடியலிலேயே கிளம்பிவிடுவாள். எதிர்நிலத்துக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன, மாட்டுக்கு ஜெயில் கட்டறீங்களா?" என்று கேட்பார். கம்பிக்காரி என்ற பெயர் அவர் வைத்ததுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

மழைக்காலத்தில் எல்லாம் அழகாக நடந்தது. ஒரு சுற்று முடித்துத் திரும்பி வரும்போது முதல் துண்டில் புல் கணுக்கால் மூடி நிற்கும். நாத்தனாரே உள்ளுக்குள் அசந்துபோனார். பிறகு வறட்சி வந்தது. கம்பிக்காரி அதே சுற்றில், அதே வேகத்தில் மாடுகளை நகர்த்தினாள். புல் எழுவதற்குள் மாடு வந்துவிட்டது. எழ முயன்ற துளிரையும் கடித்தது. கோடை முடிவதற்குள் நிலம் முழுக்க வாசலருகே இருந்தது போலவே மொட்டையாகி, காற்றடித்தால் புழுதி வீட்டுக்குள் வந்தது.

"முன்னயாவது ஒரு மூலைதான் நாசமா இருந்துச்சு" என்றார் நாத்தனார். அதற்கப்புறம் பல நாள் பேசவே இல்லை.

கம்பிக்காரி ஓரமாக உட்கார்ந்து அழவில்லை. ஒரு காலையில் நாத்தனார் ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் மேய்ச்சல் நிலத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள். மயக்கம் போட்டுவிட்டாள் என்று பதறிக்கொண்டு ஓடினார்.

"என்னாச்சுடி? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. புல்லு எங்கேர்ந்து மொளைக்குதுன்னு பாக்கறேன்." முகமெல்லாம் மண். விரலால் ஒரு புல் தூரைப் பிளந்து காட்டினாள். "இங்க பாருங்க, அடியோட கடிச்ச தூரு செத்துக் கெடக்கு. பக்கத்துல கொஞ்சம் தழை மிஞ்சினது உயிரோட இருக்கு. எலைய முழுக்கத் தின்னுட்டா அது எத வெச்சு மறுபடி எழும்? நான் காலண்டரப் பாத்து மாட்ட மாத்தினேன். புல்லப் பாத்துல்ல மாத்தியிருக்கணும். மழைக்காலத்துல அது ஓடுது, நாமளும் ஓடலாம். வறட்சியில அது படுத்திருக்கு, நாம காத்திருக்கணும். தப்பு என்னோடதுதான் அண்ணி."

இவ்வளவு தெளிவாகத் தன் தப்பை எடுத்துச் சொன்ன ஆளை நாத்தனார் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா சொன்னதில்லை. புகுந்த வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவரும் சேலையை மடக்கிக்கொண்டு மண்டியிட்டு அந்தத் தூரைப் பார்த்தார். பார்த்தால் உண்மைதான்.

"காத்திருக்கணும்னா அதுவரைக்கும் மாடு எதத் தின்னும்?" என்று கேட்டார்.

கம்பிக்காரி எழுந்து உட்கார்ந்தாள். பதில் அவளிடம் இருந்தது. சொல்லத்தான் பயம். "மாடு குறையணும் அண்ணி. இந்த நெலம் தாங்கறதுக்கு மேல இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு, "மிச்சம் இருக்கிற பெரிய பசுங்கள எங்க அண்ணன்கிட்ட அனுப்பிடலாம். இங்க நிக்கிற கலப்புக் கிடாரிங்களும் செவலையும் போதும்" என்றாள்.

அன்று வீட்டில் இடி விழுந்த மாதிரி சத்தம். எங்க அப்பா வாங்கினது, நான் கன்னுக்குட்டியிலேர்ந்து வளத்தது, என் மடியில செத்தது, உனக்கு என்னடி தெரியும் என்று நாத்தனார் கொட்டித் தீர்த்தார். தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டேங்கருக்கடியில் போய் ஏதோ பழுது பார்க்கிற மாதிரி படுத்துக்கொண்டான். கம்பிக்காரி எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அண்ணி, நீங்க அதுங்கள விக்க வேணாம். கூடவே போய்ப் பாருங்க. அங்க அதுங்களுக்குப் பிடிக்கலன்னா அதே லாரியில திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நாத்தனார் போனார். லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்காராமல், பின்னால் மாடுகளோடு நின்றுகொண்டே போனார் என்று தம்பி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். மலையேற ஏறக் காற்று குளிர்ந்தது. தூறல் விழுந்தது. மலை அண்ணன் லாரியின் பலகையை இறக்கியதும் பசுக்கள் தயங்கித் தயங்கி இறங்கின. ஈரக் காற்றை முகர்ந்தன. பிறகு, வருடக்கணக்கில் நாத்தனார் பார்க்காத ஒன்று நடந்தது. கிழப்பசு ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடியது. மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே ஓடின. ஓடி நின்று புல்லில் வாயை வைத்தவை தலையைத் தூக்கவே இல்லை. ஒன்றுகூட மூச்சு வாங்கவில்லை.

பண்ணையில் தொலைபேசி அடித்தது. கம்பிக்காரி எடுத்தாள். எதிர்முனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணி? அழறீங்களா? திருப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க அண்ணி, பரவாயில்ல."

"அழலடி. ஜலதோஷம். இங்க மனுசி இருப்பாளா? ரெண்டு போர்வ போத்தியும் பல்லு தந்தியடிக்குது." மறுபடி ஒரு உறிஞ்சல். "சிரிக்குதுங்கடி. மாடு சிரிக்குங்கிறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இத்தன வருசம் பாசம்னு நெனச்சுக்கிட்டு அதுங்கள அடுப்புல வெச்சிருந்தேனே."

"நீங்க விசிறியெல்லாம் போட்டுக் காப்பாத்தினீங்க அண்ணி. நீங்க இல்லன்னா எப்பவோ போயிருக்கும்" என்றாள் கம்பிக்காரி. பரிவுக்காகச் சொன்னாளோ, நிஜமாகவே நினைத்தாளோ, அந்த வார்த்தையை நாத்தனார் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் பண்ணை ஒரே நாளில் மாறிவிடவில்லை. கலப்புக் கிடாரிகள் கன்று போட்டுக் கறவைக்கு வரக் காலம் பிடித்தது. சில உதைத்தன, பால் கறக்க விடாமல் நாத்தனாரைத் தொட்டிக்குள் தள்ளியது ஒன்று. மொட்டையான நிலத்தில் புல் திரும்ப இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கம்பிக்காரி ஒவ்வொரு துண்டையும் நடந்து பார்த்து, புல் தயார் என்றால் கதவைத் திறப்பாள், இல்லையென்றால் மாடு எவ்வளவு கத்தினாலும் சேர்த்து வைத்த உலர்புல்லைத்தான் போடுவாள். மழை தவறும் போலிருந்தால், நிலம் காய்வதற்கு முன்பே, மாடு நல்ல உடம்போடு இருக்கும்போதே சிலதைக் கைமாற்றிவிடுவாள். காய்ந்த பிறகு எலும்பாய் ஓட்டிக்கொண்டு போய் நிற்பது மாட்டுக்கும் கேவலம், நமக்கும் கேவலம் என்பாள்.

பெரிய வறட்சி வந்த வருடம் அது தெரிந்தது. ஊரெல்லாம் தீவனத்துக்கு அலைந்தபோது, கம்பிக்காரியின் நிலத்தில் பழுப்பாக, ஆனால் கணுக்கால் உயரத்துக்குப் புல் நின்றது. கடைசியில் மழை கொட்டியபோது மற்ற நிலங்களில் தண்ணீர் சேறாக ஓடியது. இங்கே மண் குடித்துக்கொண்டது. எதிர்நிலத்துக்காரர் வேலியோரம் வந்து வெகுநேரம் நின்றார். "அந்தக் கம்பி எங்க வாங்கினது?" என்று கேட்டார். அவள் சிரிக்காமல், கிண்டல் பண்ணாமல், கடையைச் சொன்னாள். முதல் கம்பியை அவரோடு நின்று கட்டியும் கொடுத்தாள். தான் பண்ணிய காலண்டர் தப்பை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். நாத்தனாராக இருந்தால் ஒரு கோடை அவரைப் பட்டுத் தெரிந்துகொள்ள விட்டிருப்பார்.

பெயர் பரவியதும் செவலைக் கன்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். மலை அண்ணனும் வந்தான். "எனக்கும் ரெண்டு குடு. எல்லாரும் அதத்தான் பேசறாங்க."

"குடுக்க மாட்டேன்."

"அண்ணன்டி நான்!"

"அதனாலதான். உன் ஊரு மழையில இது இருமியே செத்துடும். உன்கிட்ட இருக்கறதே உன் ஊருக்கான மாடு. மாட்ட விடு, அந்தச் சேத்த முதல்ல சரி பண்ணு, குளம்பு அழுகுது பாரு. ஈரக் காலத்துல மேட்டு நெலத்துல வெச்சுக்கோ, பள்ளத்த வெயில் காலத்துக்கு விடு."

அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். போனவன் வேறு யாரிடமோ இரண்டு செவலைக் கன்று வாங்கிவிட்டான். குளிர்காலத்தில் அவன் மனைவி ரகசியமாகப் போன் செய்தாள்: கன்றுகள் நடுங்குகின்றன, இவர் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல மாட்டேன் என்கிறார். கம்பிக்காரி தையல் மெஷினைத் தூசி தட்டினாள். சாக்கும் பழைய கம்பளியும் வைத்து, வயிற்றுக்கடியில் முடிச்சுப் போடுகிற மாதிரி இரண்டு கோட்டு தைத்துத் தம்பியின் டேங்கரில் கொடுத்துவிட்டாள். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. வெயில் திரும்பியதும் கன்றுகள் இரண்டும் பண்ணைக்கே வந்து சேர்ந்தன. அண்ணன் அதற்குள் மேட்டு நிலத்துக்கு வேலி போட்டிருந்தான். அவன் மாடுகள் அந்த வருடம் நொண்டவில்லை.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். கடலோரம், சதுப்பு நிலம், உப்புக்காற்று, வருடம் முழுக்க ஈரமும் புழுக்கமும் சேர்ந்தே இருக்குமாம். வாங்கிய மாடு எதுவும் தங்கவில்லை. "நீங்க சொல்ற மாட்ட வாங்கிக்கிறேன், நீங்க சொல்ற மாதிரி மேய்க்கிறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் பெருமையோடு கம்பிக்காரியைப் பார்த்தார். இவ்வளவு வருட அனுபவம். படபடவென்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார். கம்பிக்காரி யோசித்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "நான் பாத்தது காஞ்ச வெயிலும் மலைக் குளிரும்தான். இங்க சரியா வந்தது அங்க சரியா வரும்னு சொன்னா, நான் எங்க மாமனார் பண்ணினதயே பண்ணினவளாயிடுவேன்."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. கம்பிக்காரி அவள் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்க ஊர்ல யாரும் கண்டுக்காத மாடு ஏதாவது இருக்கா? எந்தக் கவனிப்பும் இல்லாம, அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு, வருசா வருசம் கன்னு போட்டுக்கிட்டு?"

அந்தப் பெண் யோசித்தாள். "உப்பளத்துப் பக்கம் சிலது திரியும். சேத்துல எறங்கிக் கோரைய மேயும். யாரோடதுன்னே தெரியாது. அசிங்கமா இருக்கும்."

"அண்ணி" என்று கம்பிக்காரி திரும்பினாள். கண்ணில் ஒரு வெளிச்சம். "ஒரு வாரம் பண்ணையப் பாத்துக்குவீங்களா? நான் போய் அந்த அசிங்கமான மாட்டக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

"நீ மட்டும் எதுக்குப் போற?" என்றார் நாத்தனார். "பண்ணையத் தம்பி பாத்துப்பான். நானும் வரேன்."